தைலம்மாள் மேல் மாட்டிய வார்த்தை

பினைன் என்றார் டாக்டர். சபாநடேசன் "தேங்க் யூ, டாக்டர்" என்று சொல்லிவிட்டு, ஸ்பிரிங் வைத்த அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கதவு முதுகுக்குப் பின்னால் ஆடி ஓயும் வரைக்கும்கூட ஒரு நிறைவோடுதான் இருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வாங்கிவிட்ட நிறைவு, அதுவும் இங்கிலீஷில் கேட்டு இங்கிலீஷில் வாங்கிவிட்ட நிறைவு. வராந்தாவில் நாலு எட்டு வைத்த பிறகுதான் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தமக்குத் தெரியவில்லை என்பது உறைத்தது. தெரியாத வார்த்தை என்றும் தள்ளிவிட முடியாது, அதுதான் சங்கடம். தெரிந்த வார்த்தை. ஒரு காலத்தில் படித்துப் பத்திரமாக மாட்டி வைத்த வார்த்தை. டாக்டர் வாயிலிருந்து அது விழுந்த மாத்திரத்தில் ஒரு முகம் வந்து நிற்கத்தான் செய்தது. உறையூரில் மெஸ் நடத்திய தைலம்மாளின் முகம், ஒரு கண்ணில் பூ விழுந்த முகம், கையில் இரும்புக் கரண்டி. முகம் வந்தது, கரண்டி வந்தது, அர்த்தம் மட்டும் வரவில்லை. வராந்தாவின் அந்தக் கோடியில், குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து பெஞ்சில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி வடிவாம்பாள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மார்பில் இருந்த கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்றைக்குப் பதில். அது அந்த வியாதியா, இல்லையா. வியாதியின் பெயரை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் வாயால் சொல்வதில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைக்குள் வடிவு இருக்கிறாள் அல்லது இல்லாமல் போகிறாள், எது என்று தெரியாமல் அவள் புருஷன் தூணோரமாக நின்று, பார்வையாளர் நேரம் எழுதிய பலகையை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

இன்றைக்கென்றால் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துத் தட்டிப் பார்த்திருப்பார், காரியம் முடிந்திருக்கும். அப்போது அதெல்லாம் இல்லை. இருந்தது ஒரே வழி, திரும்பிப் போய் அரைக்கதவைத் தள்ளி, நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை டாக்டர் என்று கேட்பது. இதைவிடச் சுலபமான காரியம் உண்டா? குழந்தைகூடக் கேட்கும். ஆனால் டாக்டர் தமிழில்தானே ஆரம்பித்தார், "உக்காருங்க, உங்க சம்சாரத்துக்கு எடுத்த டெஸ்ட்டு வந்திருக்கு" என்று நல்ல தமிழில்தானே ஆரம்பித்தார், அதை நிறுத்தியது யார்? "யூ மே டெல் மீ இன் இங்லீஷ், டாக்டர். ஐ கேன் ஃபாலோ." சொன்னது யார்? டாக்டர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அந்தப் பார்வைக்காகத்தானே சொன்னது. பழக்கம். எங்கே போனாலும், பாங்க்கானாலும் ஸ்டேஷனானாலும், முதல் வாக்கியம் இங்கிலீஷில் விட்டுவிட வேண்டும், அப்புறம் எதிராளி தானாகச் சார் போடுவான். அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது வாசலில் நின்ற ஆள், "ஏ பெருசு, தள்ளு" என்று அப்பாவின் தோளைப் பிடித்து நெட்டினான். இவர் ஓடிப்போய் ஏதோ நாலு வார்த்தை இங்கிலீஷில் சொன்னதும் அதே கை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அப்பா மகனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கப்புறம் எப்படித் தமிழில் கேட்பது? வடிவு தெருவில் சொல்லி வைத்திருக்கிறாள், எங்க வீட்டுக்காரருக்கு டிக்‌ஷனரியே மனப்பாடம் என்று. டிக்‌ஷனரி ஒன்றுமில்லை, ஆபீஸில் கடிதம் வரைகிற இங்கிலீஷ். மேற்படி பொருள் தொடர்பாக, தங்கள் மேலான ஆணையை எதிர்நோக்கி, இத்துடன் இணைத்து அனுப்பலாகிறது. அந்த இங்கிலீஷில் ஆயுசு முழுக்க நீந்தினாலும் பினைன் காலில் தட்டாது.

தட்டியது ஃபெலிக்ஸ் சாரிடம்தான். கிளார்க் பரீட்சைக்காகத் தெப்பக்குளம் பக்கத்து மாடியில் டுட்டோரியல் நடத்தினாரே, அவர். பொடி போடுவார், பொடியோடு சேர்ந்து வார்த்தையும் வரும். "மூளையில வைக்காதீங்கப்பா, மூளை ஓட்டைப் பானை. மனுஷன் மேல மாட்டுங்க. தெனம் பாக்கிற மனுஷனா இருக்கணும். அவனப் பாத்தா வயித்துல ஏதாவது பண்ணணும், கோவமோ பாசமோ, ஏதோ ஒண்ணு. அவன் மேல வார்த்தைய மாட்டிட்டா பரீட்சை ஹால்ல அவன் வந்து நிப்பான், வார்த்தைய அவன் கையிலேர்ந்து வாங்கி எழுதுங்க." அப்படித்தான் மாட்டினார்கள். பார்சிமோனியஸ், கருமித்தனம், ஆட்கள் தூங்குமுன் பல்பைக் கழற்றிவிடும் லாட்ஜ் சொந்தக்காரர். கேருலஸ், ஓயாப் பேச்சு, முடி திருத்துகிற ஆரோக்கியம். ஆப்ஸ்டினேட், பிடிவாதம், ரூமில் கூட இருந்த பஞ்சநதம், மூன்றாம் தடவையும் அதே பரீட்சை எழுதியவன். இப்போதும் வருகின்றன, கூப்பிட்டால் ஓடி வருகின்றன, ஒவ்வொருத்தனும் தன் வார்த்தையையும் அர்த்தத்தையும் கையில் வைத்துக்கொண்டு சொன்ன இடத்தில் நிற்கிறான், வேண்டாத வார்த்தையெல்லாம் வருகிறது. வேண்டிய ஒன்று மட்டும் தைலம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்து, இவள்தான், கண்டுபிடி என்று நிற்கிறது. மோசமான மனுஷி மேல் மோசமான வார்த்தை, நல்ல மனுஷி மேல் நல்ல வார்த்தை, அதுதானே கணக்கு? தைலம்மாள் நல்லவள் என்று ஆகிவிட்டால் வடிவு பிழைத்துவிடுவாள். வேடிக்கைதான். சிரிக்கக்கூட வந்தது.

தைலம்மாள் கெட்டவள். அதில் என்ன சந்தேகம்? ராட்சசி. நேரம் தவறி வந்தால் இலை கிடையாது, இரண்டாம் தடவை சாம்பார் கேட்டால் கரண்டியைக் காட்டுவாள், "ஒங்கப்பன் வூட்டுச் சமையக்கட்டா இது" என்பாள், அப்பா செத்து வருஷம் திரும்பாத பையனிடம் அப்படிச் சொன்னாள், அன்றைக்கு அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். பூ விழுந்த கண் ஒருவனைப் பார்க்கும், நல்ல கண் இன்னொருவனை வையும். ஆக வார்த்தை கெட்ட வார்த்தை. ஆக வடிவு. இல்லை, இரு. காமாலை வந்ததே. லாட்ஜில் எல்லாரும் ஊருக்குப் போயிருந்த சமயம் காமாலை வந்து, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் பாயோடு கிடந்தபோது மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தது யார்? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, மூக்கைப் பிடித்துப் புகட்டியது யார்? வாந்தி எடுத்தபோது நெற்றியைத் தாங்கிய உள்ளங்கை, அடுப்புச் சூடு ஆறாத, சொரசொரப்பான அந்த உள்ளங்கை. "எடுடா, எடு, நாந்தான் அள்ளப்போறேன், ஒனக்கென்ன" என்றாள். எழுந்து நடமாடும் வரைக்கும் உப்பில்லாக் கஞ்சி அவள் கையால்தான். அவளைப் போல் நல்லவள் உண்டா, அம்மா இருந்தால்கூட அப்படிச் செய்திருப்பாளா? ஆக வார்த்தை நல்ல வார்த்தை. ஆக வடிவு பிழைத்தாள். ஆனால் பினைனை எப்போது மாட்டினார்? காமாலைக்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் ராட்சசி, பின்னால் என்றால் தாய். காமாலை வந்தது ஆடிக் காற்றில், ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே கிடந்தது நினைவிருக்கிறது. ஃபெலிக்ஸ் சார் வகுப்பு அதற்கு முன்னேயும் இருந்தது, பின்னேயும் இருந்தது. பினைனைச் சொல்லிக் கொடுத்த அன்றைக்கு மழையா, வெயிலா? சாரின் வேட்டியில் பொடிக் கறை இருந்தது. அது என்றைக்கும் இருந்ததுதான்.

வார்த்தைகளை ஜோடியாகத்தான் கொடுப்பார், எதிரும் புதிருமாக, ஒன்றை இழுத்தால் மற்றது வரும் என்று. அப்படியானால் பினைனுக்கு ஒரு ஜோடி இருக்க வேண்டும், அதற்கு ஒரு முகமும் இருக்க வேண்டும். இருந்தது, லாட்ஜ் மானேஜர் சிங்காரவேலு, வெற்றிலைச் சிரிப்பு, யாரைப் பார்த்தாலும் தம்பி. அவன் தோளில் என்ன வார்த்தை தொங்கியது? உதிர்ந்துவிட்டது. ஆணி இருக்கிறது, சட்டை இல்லை. வார்த்தை போனால் போகட்டும், ஆளை வைத்தாவது பிடிக்கலாம் என்றால் அந்தப் பாவி செய்த காரியம், தம்பி தம்பி என்று தோளில் கை போட்டே பஞ்சநதத்தின் கைக்கடிகாரத்தைத் திருடிவிட்டு, பழியை அறை கூட்டுகிற கிழவி மேல் போட்டான், கிழவி வேலை போய்க் கோயில் வாசலில் பிச்சைக்கு உட்கார்ந்தாள். முதலில் தெய்வம், அப்புறம் திருடன். எப்போது மாட்டியது, தெய்வமாக இருந்தபோதா, திருடனாக இருந்தபோதா? தைலம்மாளும் சிங்காரவேலுவும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். ஃபெலிக்ஸ் சார் எல்லாம் சொன்னார், மாட்டு மாட்டு என்றார், மாட்டிய மனுஷன் மாறிப்போனால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லித்தரவில்லை. அந்த வயதில் யாருக்கும் கேட்கத் தோன்றவும் இல்லை.

சரி, ஆட்களை விடு, டாக்டரைப் பார். டாக்டர் எப்படிச் சொன்னார்? கை கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். ஏன் முதுகு? நல்ல சேதியை முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்களா? ஆனால் கை கழுவுகிற மனுஷன் எந்தச் சேதியானாலும் சுவரைப் பார்த்துத்தானே சொல்ல முடியும். "இட் இஸ் பினைன். பட் வீ வில் டேக் இட் அவுட். மண்டே. எம்ப்ட்டி ஸ்டமக்." எடுத்துவிடலாம் என்றார். கெடுதல் இல்லாததை எதற்கு எடுப்பார்கள்? சொத்தைப் பல்லைக்கூடத்தான் எடுக்கிறார்கள், அதற்காகச் சாகிறார்களா? அந்த "பட்", அது எதற்கு வந்தது? ஆனால் எடுத்துவிடலாம். நல்லது, ஆனால். கெட்டது, ஆனால். இரண்டுக்கும் அந்த ஆனால் பொருந்தியது. அப்புறம் துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்து தோளைத் தட்டினாரே. ஏன் தட்டினார்? சாவு வீட்டில்தான் அப்படித் தட்டுவார்கள். பிள்ளை பாஸ் என்றாலும் தட்டுவார்கள். தோளில் அந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது, சபாநடேசன் அதைத் தொட்டுப் பார்த்தார், ஈரம் எதையும் சொல்லவில்லை. வடிவு முதன்முதலில் சொன்ன அன்றும் இப்படித்தான் விரலால் தொட்டார். "ஏதோ கட்டி மாதிரி இருக்குங்க, தொட்டுப் பாருங்களேன்" என்றாள், ரவிக்கைப் பட்டன் தெறித்துவிட்டது என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. புளியங்கொட்டை அளவுக்கு விரலுக்கடியில் நழுவியது. வலிக்குதா என்றார். வலிக்கவில்லை என்றாள். வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று சொன்னாரே, தெரிந்த மாதிரி, எல்லாம் தெரிந்த மாதிரி அன்றைக்கும் சொன்னாரே, அதை நம்பித்தானே அவள் அதற்கப்புறம் மாதக் கணக்கில் வாயைத் திறக்கவில்லை. வலிக்காததுதான் ஆபத்து என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். அவளிடம் அதை அவர் சொல்லவில்லை.

"சாமி, இதுல எங்க போகச் சொல்லியிருக்கு?" தலைப்பாகை கட்டிய ஒருவர் ஒரு சீட்டை நீட்டினார். இங்கிலீஷ் எழுத்து. சபாநடேசன் வாங்கிப் பார்த்தார், குரல் தானாக நிமிர்ந்துகொண்டது. "எக்ஸ்ரே எடுக்கணும். மாடி ஏறி இடது பக்கம். வெறும் வயிறா இருக்கணும்னு அவசியமில்ல, போங்க" என்றார், சீட்டில் இல்லாததையும் சேர்த்து. "படிச்சவங்க கண்ணு கண்ணுதான், நல்லா இருக்கணும்" என்று அவர் கும்பிட்டுவிட்டுப் படியேறினார். அந்தக் கும்பிடு சுருக்கென்றது. அவருக்குத் தெரியவில்லை, கேட்டார், தெரிந்துகொண்டார், போய்விட்டார். பச்சைத் தண்ணீர் குடிப்பதுபோல. கேட்டுவிட்டதால் அந்த மனுஷனிடமிருந்து எது குறைந்தது? அவர் பின்னாலேயே ஓடி, பெரியவரே, எனக்கும் ஒன்று தெரியவில்லை, எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கலாமா என்றிருந்தது. நர்ஸ் ஒருத்தி தட்டோடு போனாள், அவளைக் கேட்கலாம், பினைன் என்றால் என்னம்மா, என்ன குறைந்துவிடும்? வாயைத் திறந்தார். "மணி என்னம்மா?" என்று கேட்டார். அவள் சொல்லிவிட்டுப் போனாள், அவர் காதில் வாங்கவில்லை, அவர் கையிலேயே கடிகாரம் இருந்தது.

போய்விட்டாள் என்றே வைத்துக்கொள். வைத்துக்கொண்டால் என்ன ஆகிவிடும், நினைப்புத்தானே. கோமளாவுக்கு யார் தலை பின்னுவார்கள்? எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண், இரட்டைப் பின்னல் போடாவிட்டால் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்துவார்கள். கரூரில் அக்கா இருக்கிறாள், கொண்டுபோய் விட்டால் அக்கா பார்த்துக்கொள்வாள், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். காப்பியைக் கிளப்புக் கடையில் குடித்துக்கொள்ளலாம், ராத்திரிக்கு இட்லி. ஆபீஸுக்கு எழுத வேண்டும். ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ தட் மை வைஃப், ஸ்ரீமதி வடிவாம்பாள், எக்ஸ்பயர்ட் ஆஃப்டர் எ ப்ரீஃப் இல்னஸ். ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மீ. தடையே இல்லாமல் வந்தது. ஒரு வார்த்தை முட்டவில்லை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, காற்புள்ளி முதற்கொண்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது, இத்தனை நேரம் ஒரே ஒரு வார்த்தைக்காகக் கெஞ்சியவருக்கு அவள் சாவுக்கான இங்கிலீஷ் முழுசாக, சுத்தமாக, கையெழுத்துப் போடுகிற அளவுக்குத் தயாராக வந்துவிட்டது. அங்கே பெஞ்சில் அவள் உயிரோடு உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சபாநடேசன் சீ என்று தம்மையே சொல்லிக்கொண்டார். அவள் இருப்பாளா இல்லையா என்பது தெரியாமல் இருந்தாலும் இருக்கலாம், தமக்குத் தெரியவில்லை என்பது டாக்டருக்குத் தெரிந்துவிடக் கூடாது, இதுதானே இந்தத் தூணடியில் நடந்துகொண்டிருக்கிறது? வேறென்ன? வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் கால் அந்த அரைக்கதவுப் பக்கம் திரும்பவில்லை.

இன்னொரு தடவை பார்த்துவிடலாம், கடைசியாக ஒரு தடவை. கண்ணை மூடி, பினைன். தைலம்மாள் வந்தாள். கையைப் பார், கை என்ன பிடித்திருக்கிறது? கரண்டி. கரண்டிதானா, கஞ்சி டம்ளரா? உற்றுப் பார்க்கப் பார்க்கக் கரண்டி குட்டையாகி டம்ளர் மாதிரி ஆயிற்று, ஆவிகூட வந்தது. நாக்கில் கசப்பு, கீழாநெல்லிக் கசப்பு. ஆமாம், அதுதான், காமாலைக்குப் பின்னால்தான், அவள் தாய்தான், வார்த்தை நல்ல வார்த்தைதான், வடிவு, வடிவு! மூடிய கண்ணுக்குள் நீர் முட்டியது. உடனே சந்தேகம். இந்தக் கசப்பு அன்றைய கசப்பா, காலையிலிருந்து காப்பிகூடக் குடிக்காத இன்றைய கசப்பா? மனசு கெட்டிக்காரக் குமாஸ்தா, மேலதிகாரிக்கு எந்தப் பதில் வேண்டுமோ அதையே எழுதிக் கையெழுத்துக்கு வைத்துவிடும், அவருக்குத் தெரியாத வேலையா? நல்லதாக இருக்க வேண்டும் என்று வேண்டுகிற மனசு டம்ளரைத்தான் காட்டும், கரண்டியை ஒளித்து வைத்துக்கொள்ளும். திரும்பவும் பினைன் என்றார். கரண்டி. பினைன். டம்ளர். சொல்லச் சொல்ல வார்த்தை வெறும் சத்தமாக, மூக்கிலிருந்து வருகிற சத்தமாகத் தேய்ந்துகொண்டு போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் சொன்னால் தைலம்மாளும் போய்விடுவாள் என்று பயந்து நிறுத்தினார். கண்ணைத் திறந்தபோது வடிவு பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தார். என்ன சொல்வது என்று தீர்மானிக்காமலே நடந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"என்னங்க? என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாரு. திங்கக்கிழமை வந்து எடுத்துக்கலாம்னாரு." குரல் நன்றாகத்தான் வந்தது. முகம் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

வடிவு அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பையின் காதுகளை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"ஒண்ணுமில்லேன்னா அந்தத் தூண்கிட்ட எதுக்கு அவ்வளவு நேரம் நின்னீங்க? கதவுச் சத்தம் கேட்டதுமே திரும்பிப் பாத்தேன். இந்தப் பக்கம் வராம போர்டைப் படிச்சீங்க. அப்பறமும் ரெண்டு மூணு தடவை திரும்பித் திரும்பிப் பாத்துட்டேன்."

"அது வந்து..."

"பரவால்ல, சொல்ல வேண்டாம். உங்களால முடியாது. நான் ஒண்ணு சொல்றேன், அதை மட்டும் கேளுங்க. கோமளாவக் கரூர்ல கொண்டுபோய் விட்ராதீங்க. உங்க அக்கா நல்லவங்கதான். ஆனா இவ அங்க வாயத் தொறக்க மாட்டா. பசிச்சாக்கூடக் கேக்க மாட்டா." குரல் உடையவில்லை. இதையெல்லாம் அவள் எப்போதோ யோசித்து முடித்துவிட்டாள் என்பது அந்த உடையாத குரலில் தெரிந்தது. "பீரோ கீழ்த்தட்டுல பாவாடைத் துணி எடுத்து வச்சிருக்கேன். கொஞ்சம் எறக்கமா தைக்கச் சொல்லுங்க, வளர்ற பொண்ணு."

"வடிவு, நிறுத்து." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"அவர் சொன்னது. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொன்னாரு. நான்தான் இங்கிலீஷ்லயே சொல்லுங்கன்னேன். அதுக்கு அர்த்தம் தெரியல. நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல, வடிவு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புருவம் நெளிந்தது, அவர் வேறு யாரைப் பற்றியோ சொல்கிறார் என்பதுபோல. பிறகு புரிந்தது. புரிந்த இடத்தை அவர் கண்ணால் பார்த்தார். திட்டுவாள் என்று நினைத்தார், திட்டியிருந்தால் தேவலை. பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள், மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள், எழுந்து வராந்தா நெடுக நடந்து போனாள். டாக்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஆள் இருக்காங்கம்மா என்று தடுத்த வாட்ச்மேனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவுக்குக் கீழே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. சபாநடேசன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். உள்ளே மின்விசிறிச் சத்தம், பேச்சு கேட்கவில்லை. வெடித்த குதிகால், தேய்ந்த மெட்டி, காலை அவசரத்தில் சரியாகக் கழுவாமல் விட்ட மஞ்சள் கணுக்காலில் திட்டாக. வலது பாதம் மெல்ல எழுந்து இடது பாதத்தின் மேல் ஏறி அழுத்திக்கொண்டது. பயந்தால் அப்படித்தான் நிற்பாள், கோமளா பிறப்பதற்கு முன் பிரசவ வார்டு வாசலிலும் இப்படித்தான் ஒரு காலை இன்னொரு கால் அழுத்த நின்றாள். தனியாகப் பயந்துகொண்டு தனியாகக் கேட்கிறாள். கேட்கிறாள், தமிழில்தான் கேட்பாள், அவளுக்கு வேறென்ன தெரியும். எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இருந்தது, எழவில்லை. பிறகு வலது பாதம் கீழே இறங்கித் தரையில் படிந்தது. நல்ல சேதி கேட்டு இறங்கியதா, கெட்ட சேதி கேட்டு இறங்கியதா, அதையும் அவரால் படிக்க முடியவில்லை.

வந்தாள். செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்து வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த வியாதி இல்லையாம். சாதாரணக் கட்டியாம். எடுத்துட்டா சரியாப் போயிடுமாம்."

"வடிவு..." கையைப் பிடிக்க நீட்டினார். அவள் அந்தக் கையிலிருந்து பையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள், தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, போவோர் வருவோர் எல்லாரும் பாவம் என்று பார்த்துவிட்டுப் போகும்படி. அழுகைக்கு நடுவில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாருங்க அவரு. அவ்வளவு நேரமும் என்னைக் கொன்னு வச்சிருந்தீங்களே."

திரும்பிப் போகையில் பஸ்ஸில் நல்ல கூட்டம். வடிவு பெண்கள் பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள், கம்பியில் தலை சாய்ந்திருந்தது, தூங்குகிறாளா என்று தெரியவில்லை. சபாநடேசன் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தார். பிழைத்துவிட்டாள், அதற்காக நெஞ்சு நிறைந்து வழிய வேண்டும், வழியவும் செய்தது. ஆக நல்ல வார்த்தைதான், காமாலைக்குப் பின்னால்தான் மாட்டியிருக்கிறார், தைலம்மாள் கையில் இருந்தது கஞ்சி டம்ளர்தான். பாலத்தில் பஸ் ஏறியபோது அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று உதட்டுக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தார், பினைன். தைலம்மாள் வரவில்லை. டம்ளரும் இல்லை, கரண்டியும் இல்லை. ஒரு அரைக்கதவும், அதன் கீழே இரண்டு பாதங்களும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி அழுத்திக்கொண்டு. தலையை உதறிவிட்டு இன்னொரு தடவை சொன்னார். அதே பாதங்கள். இனி எந்தப் பரீட்சையில் எவன் கேட்டாலும் இந்த வார்த்தைக்கு அவருக்கு அர்த்தம் தெரியும்.